லீஜியன் புரோ 7ஐ, ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 16: ஆர்டிஎக்ஸ் 4080 உள்ள இரண்டில் எதை வாங்குவது?

கேள்வி (திருச்சியிலிருந்து, 2023 நவம்பர்)

அனைவருக்கும் வணக்கம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் உள்ளரங்க வரைபடம் வரைந்து கொடுப்பது என் தொழில். பகலில் வரைபடத்துக்கு ஆட்டோகேடும் முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பிளெண்டரும், இரவு வேலை முடிந்த பிறகு சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டுகளும் என ஒரே கணினியில்தான் என் நாள் முழுவதும் கழிகிறது. இப்போது என்னிடம் இருப்பது 2018இல் வாங்கிய மடிக்கணினி. அதிலுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டுக்கு 4 ஜிபி நினைவகம்தான் உண்டு. ஒரு வரவேற்பறைக் காட்சியை ரெண்டர் செய்ய (முழுப் படமாக உருவாக்க) போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் எழுந்து பார்க்கும்போது நினைவகம் போதாமல் பாதியிலேயே நின்றிருக்கும். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில், இனி ஐந்தாறு ஆண்டுகளுக்கு வேறொன்றைத் தேட வேண்டாத அளவுக்கு நல்லதாக ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அலசிப் பார்த்ததில் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று லெனோவோ லீஜியன் புரோ 7ஐ (16ஐஆர்எக்ஸ்8எச்), மற்றொன்று ஏசஸ் ராக் ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 16 (ஜி634ஜேஇசட்). இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம், 32 ஜிபி ரேம், 2560 x 1600 புள்ளிகளும் 240 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட 16 அங்குலத் திரை. பிராசஸர் லீஜியனில் ஐ9-13900எச்எக்ஸ், ஸ்காரில் ஐ9-13980எச்எக்ஸ். எனக்குக் கடையில் சொன்ன விலையில் ஸ்கார் இருபத்தைந்தாயிரம் ரூபாய் கூடுதல். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது, ஏசி கிடையாது. கத்திரி வெயில் நாட்களில் இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைத்தால் சுடும். எது வேகமானது, எது சூடாகாமல் இருக்கும், எது நீண்ட காலம் உழைக்கும் என்று பயன்படுத்தியவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (மதுரையிலிருந்து)

வேகத்தைப் பற்றிய கவலையை முதலில் ஒதுக்கி வையுங்கள் நண்பரே. மடிக்கணினிகளில் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரைவிட அதற்குக் கொடுக்கப்படும் மின்சாரம்தான் முக்கியம். ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 60 வாட்டிலிருந்து 150 வாட் வரை, அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று இன்னும் 25 வாட் சேர்த்து, தயாரிப்பாளர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய உடல் கொண்ட மடிக்கணினி ஒன்றில் இதே பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் பிறகு வருந்துவது இதனால்தான். நீங்கள் சொல்லும் இரண்டுமே முழு 175 வாட் கொடுப்பவை. ஆகவே விளையாட்டில் நொடிக்குக் காட்டும் படங்களான பிரேம்கள் ஒன்றுக்கொன்று சில கூடலாம், குறையலாம், கண்ணுக்குத் தெரியாது. பிராசஸரும் அப்படியே: இரண்டிலும் 8 பெரிய கோர்கள், 16 சிறிய கோர்கள். உச்ச வேகம் ஒன்றில் 5.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.6 என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

கூடவே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மேசைக்கணினியின் 4080க்கு இது நிகர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் குடா கோர்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகள் 9728உம் 16 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. மடிக்கணினியில் 7424 கோர்களும் 12 ஜிபியும்தான். உள்ளே இருப்பது மேசைக்கணினிக்கான 4070 டிஐயில் உள்ள அதே ஏடி104 சில்லு. இதற்காக மனம் தளர வேண்டியதில்லை, 4 ஜிபியில் நின்றுபோன உங்கள் வரவேற்பறைக்கு 12 ஜிபி பெரிய இடம். ஆனால் பெயரை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

இப்போது சூட்டுக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் உண்மையில் கனமான பகுதி அதுதான். எந்த மடிக்கணினி அறையைக் குறைவாகச் சூடாக்கும் என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வந்து சேரும். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சேர்ந்து 200 வாட்டுக்கு மேல் எடுக்கும்போது, விசிறி எவ்வளவு திறமையாக இருந்தாலும் அது செய்வது சூட்டைச் சில்லிலிருந்து எடுத்து உங்கள் முகத்துக்கு முன்னால் விடுவது மட்டுமே. விசிறியும் செம்புத் தகடும் நன்றாக இருந்தால் சில்லின் வெப்பநிலையும் இரைச்சலும் குறையும், அறையின் வெக்கை குறையாது. அறை 26 டிகிரியில் இருக்கும்போது சில்லு 78 டிகிரியில் ஓடுகிறதென்றால், அறை 35 டிகிரி ஆகும்போது சில்லும் ஏறக்குறைய அதே அளவு ஏறி 87ஐத் தொடும். குளிரூட்டிய அறையில் எடுத்த அளவுகளை நம் ஊர்க் கோடைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நான் லீஜியன் வைத்திருக்கிறேன். எஃப்என் விசையோடு கியூவை அழுத்தினால் பவர் பொத்தானின் விளக்கு நிறம் மாறும்: சிவப்பு முழுவேகம், வெள்ளை நடுத்தரம், நீலம் அமைதி. மே மாதம் முழுவதும் நான் வெள்ளையிலேயேதான் விளையாடினேன். பிரேம் வேகத்தை 90 என்று கட்டுப்படுத்தி, பின்புறத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வைத்தால், மின்சாரமும் இரைச்சலும் குறைவதை உடனே உணரலாம். சிவப்பில் வைத்துவிட்டால் மின்விசிறிச் சத்தத்தையும் மீறி அது கேட்கும். ஸ்காரும் முழுவேகத்தில் அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மறுமொழி (ஈரோட்டிலிருந்து)

அடாப்டரையும் மின்தடையையும் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் ஒரு வார்த்தை. இரண்டுக்குமே 330 வாட் அடாப்டர் வருகிறது. அதைச் செங்கல் என்றே சொல்லலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாட்களில் வீட்டு இன்வெர்ட்டரில் இதைப் போட்டு விளையாட நினைக்காதீர்கள், மின்விசிறிக்கும் விளக்குக்கும் இருக்க வேண்டிய பேட்டரி விரைவில் காலியாகிவிடும். சீரான அலையாக மின்சாரம் தராத பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் இந்த அடாப்டரை அதில் மாட்டாமல் இருப்பதே நல்லது.

வரைபட வேலைக்கு மட்டும் டைப்-சி சார்ஜர் போதும். லீஜியன் அவ்வழியே 140 வாட் வரையும் ஸ்கார் 100 வாட் வரையும் ஏற்றுக்கொள்ளும். பேட்டரி லீஜியனில் 99.99 வாட் மணி, ஸ்காரில் 90. விமானத்தில் அனுமதி கேட்காமல் கையில் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட் மணி என்பதால்தான் அந்த 99.99. எதை வாங்கினாலும், நாள் முழுக்க மின் இணைப்பிலேயே வைத்திருப்பீர்களானால் பேட்டரி 80 விழுக்காட்டோடு ஏற்றுவதை நிறுத்தும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள், இரண்டின் மென்பொருளிலும் அந்த வசதி உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்றால் இது முக்கியம்.

மறுமொழி (சென்னையிலிருந்து)

நான் ஸ்கார் 16 பயன்படுத்துகிறேன். வேகம் ஒன்றுதான் என்று மதுரை நண்பர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் இருபத்தைந்தாயிரம் எதற்கு என்ற கேள்விக்கு விடை அதன் திரைதான். லீஜியனின் ஐபிஎஸ் வகைத் திரையில் பின்னொளி முழுத்திரைக்கும் ஒன்றாக எரிகிறது, உச்ச வெளிச்சம் 500 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஸ்காரின் மினி எல்இடி திரையில் பின்னொளி 1024 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே மங்கவும் ஒளிரவும் செய்யும். உச்ச வெளிச்சம் 1100 நிட்ஸ் வரை போகும். நீங்கள் விளையாடும் அதே சைபர்பங்கில், மழை பெய்யும் இரவில் ஒரு சந்துக்குள் நின்று தலைக்கு மேல் எரியும் நியான் பலகையைப் பாருங்கள். பலகை கண் கூசும்படி எரியும், அதன் பக்கத்துச் சுவர் மைபோல் கறுப்பாகவே இருக்கும். ஐபிஎஸ் திரையில் அந்தச் சுவர் சாம்பல் நிறமாகிவிடும். இதை ஒருமுறை பார்த்த பிறகு எனக்குப் பழைய திரைக்குத் திரும்ப மனம் வரவில்லை. நிற வரம்பும் இதில் டிசிஐ-பி3 என்ற அகன்ற வரம்பு முழுவதும் வரும், லீஜியனில் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, சற்றுக் குறுகிய வரம்போடு நின்றுவிடும். எடையும் ஸ்கார் 2.5 கிலோ, லீஜியன் 2.8.

இவ்வளவு சொன்னவன் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஸ்காரில் பிராசஸர், கிராஃபிக்ஸ் சில்லு இரண்டின் மீதும் வழக்கமான பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள். சூட்டைக் கடத்துவதில் அது மிகச் சிறந்தது. ஆனால் அது காலியம் கலந்த உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். முன்பு என்னிடம் இருந்த, வேறு நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை, தூசு எடுக்க வேண்டும் என்று தெருமுனையில் இருந்த ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே திரவ உலோகம் இருப்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சில்லின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றித் துணியால் துடைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்த நுண்பாகங்களின் மேல் வெள்ளித் துளி ஒன்று ஓடி நின்றதை அவரே எனக்குக் கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினார். அதன் பிறகு அந்த மதர்போர்டு உயிர் பெறவே இல்லை. ஆகவே ஸ்கார் வாங்கினால், விசிறியின் தூசை மட்டும் மேலோட்டமாக ஊதி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஹீட்சிங்கைத் தொடும் வேலைக்கு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே செல்லுங்கள். வாரண்டியை மூன்றாண்டுக்கு நீட்டிக்க முடியுமா என்று வாங்கும்போதே கேட்டு, அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சூட்டைப் பற்றிய விளக்கம் என் கண்ணைத் திறந்தது. எந்த இயந்திரம் அறையைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன், அப்படி ஒன்று இல்லை என்பது இப்போது புரிகிறது. சென்னை நண்பர் திரையைப் பற்றிச் சொன்ன பிறகு ஸ்கார் பக்கமே மனம் சாய்கிறது. எட்டு மணி நேரம் வரைபட வேலைக்கும் அந்தத் திரை இதே அளவு நன்றாக இருக்குமா?

மறுமொழி (நாகர்கோவிலிலிருந்து)

தம்பி, நானும் உங்கள் தொழில்தான், இருபது ஆண்டுகளாகக் கட்டட வரைபடம் வரைகிறேன். ஆட்டோகேடில் கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு வரைபவரா நீங்கள்? அப்படியானால் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் வரைபடம் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஸ்கார் திரையில் திறந்து பாருங்கள். 1024 பகுதிகள் என்பது கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் திரையில் இருப்பவை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். மெல்லிய ஒரு வெள்ளைக் கோட்டை ஒளிரச் செய்ய அதைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் எரிந்தாக வேண்டும். அதனால் கோட்டைச் சுற்றிப் புகைபோல ஒரு வெளிச்சம் படரும், கர்சரை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். விளையாட்டில் கண்ணில் படாத இது, வரைபடத்தில் நாள் முழுக்க உறுத்தும். பின்னொளியை ஒரே பகுதியாக மாற்றும் வசதி ஸ்காரின் மென்பொருளில் உண்டு, மாற்றினால் புகை போய்விடும்; ஆனால் அப்போது நீங்கள் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய அந்தக் கறுப்பும் போய்விடும்.

நிறத்தைப் பற்றியும் யோசியுங்கள். நாம் அனுப்பும் படங்களை எஸ்ஆர்ஜிபியில்தான் சேமிக்கிறோம், வாடிக்கையாளர் அதை வாட்ஸ்அப்பில் பார்க்கிறார். அதற்கு லீஜியனின் திரை தாராளமாகப் போதும்.

கடைசியாக ஒன்று: லீஜியன் கீபோர்டின் வலப்பக்கத்தில் எண் விசைகள் தனியாக உண்டு, ஸ்கார் 16இல் அது இல்லை. நாளொன்றுக்கு எத்தனை நூறு முறை 3050 என்றும் 1200 என்றும் அளவுகளைத் தட்டுகிறோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

கேட்டவர் (ஐந்து நாட்களுக்குப் பிறகு)

ஐயா சொன்னபடியே, மூன்று படுக்கையறை வீடு ஒன்றின் தளவரைபடத்தைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். கடைக்காரர் பொறுமையாக இரண்டையும் அருகருகே வைத்துத் திறந்து காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படிக்கட்டுப் பகுதியைப் பெரிதாக்கி, கர்சரை வெறும் கறுப்பில் கொண்டுபோய் நிறுத்தியபோது, அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மங்கலான வெளிச்சம் இருப்பது தெரிந்தது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிறகு ஸ்காரிலேயே ஒரு விளையாட்டின் இரவுக் காட்சியைப் போட்டுக் காட்டினார். சென்னை நண்பர் சொன்னது அத்தனையும் உண்மை, அப்படி ஒரு கறுப்பை நான் மடிக்கணினியில் பார்த்ததே இல்லை. வெறும் விளையாட்டுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் அந்த இடத்திலேயே அதை எடுத்திருப்பேன்.

சுவரின் அளவு ஒன்றை மாற்றலாம் என்று என் கை தானாக வலப்பக்கம் போய் எண் விசையைத் தேடியது, அங்கே எதுவும் இல்லை. லீஜியனையே எடுத்துக்கொண்டேன். மிஞ்சிய பணத்தில் வாரண்டியை மூன்றாண்டுக்கு நீட்டித்து, 2 டிபி எஸ்எஸ்டி ஒன்றையும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுக்கொண்டேன். நேற்றிரவு அந்தப் பழைய வரவேற்பறைக் காட்சியை விளக்கு வெள்ளையில் இருக்கும்படி வைத்து ரெண்டருக்குப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.