பிரிண்டருக்காக அணைத்த ஃபயர்வாலை மறுபடி போடலாமா?

வேப்பமரத்தடி:
வணக்கம். வீட்டில் விண்டோஸ் 11 கணினி, ஃபைபர் இணைப்பு, ரவுட்டர் வழியாக வைஃபை. என் கணினியில் செருகியிருக்கும் பிரிண்டருக்கு மகனுடைய லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் போகவில்லை என்று போன மாதம் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் ஃபயர்வாலை (நெட்வொர்க் வழியாகக் கணினிக்குள் வருவதை வடிகட்டும் தடுப்பு) அணைத்தார், உடனே பேப்பர் வந்துவிட்டது. "ரவுட்டர் இருக்கு, ஆன்டிவைரஸ் இருக்கு, இது எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது கணினியைத் திறக்கும்போதெல்லாம் மூலையில் அந்தக் கேடயப் படத்தின் மேல் சிவப்புக் குறி தெரிகிறது. வங்கி வேலை முழுக்க இதில்தான் செய்கிறேன். மறுபடி போட்டால் பிரிண்டர் நின்றுவிடுமா?

பழைய மோடம்:
இன்றைக்கே போடுங்கள் சார், பிரிண்டருக்கு வேறு வழி இருக்கிறது. உங்கள் வைஃபை 'பப்ளிக்' நெட்வொர்க் என்று பதிவாகியிருக்கும், விண்டோஸ் 11 புது இணைப்பை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், அதனால் பக்கத்து அறை லேப்டாப்பைக்கூட ஊர் பேர் தெரியாத ஆளாக நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, ப்ராப்பர்ட்டீஸ் என்று போய் அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். அப்புறம் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட்டின் கீழ் மட்டும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். ஒரு ஜன்னலைத் திறந்தால் போதும் என்கிற இடத்தில் அவர் வீட்டுக் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு (தானே பரவும் வைரஸ்) பரவியபோது நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். எந்த ஃபைலையும் யாரும் திறக்கவில்லை, இணைப்பு கொடுத்ததுமே 135ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட வாசல்களில் ஒன்று) வழியாக உள்ளே வந்துவிடும், திரையில் 60 விநாடி எண்ணி கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போதே ஃபயர்வால் இருந்தது, ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு. 2004இல் சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்த பிறகுதான் அது தானாகவே ஆன் ஆகி வந்தது.

கம்பிவடம்:
ரவுட்டர் போதும் என்பது பாதிதான் சரி. வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் நிறுத்தும், வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை நிறுத்தாது. 2017இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை புழு, ஃபைல் ஷேரிங்குக்கான 445ஆம் போர்ட் வழியாக அப்படித்தான் ஒரே நெட்வொர்க்கில் கணினி கணினியாகத் தாவியது. மகன் லேப்டாப்பை ஹாஸ்டலுக்கும் ரயில் நிலைய வைஃபைக்கும் கொண்டு போவாரானால் அதிலும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா பாருங்கள், அங்கேயெல்லாம் பப்ளிக் என்றே இருக்கட்டும். இன்னொன்று, ஐபிவி6 என்ற புதிய இணைய முகவரி முறை வந்திருந்தால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகம் அறிந்த முகவரியே கிடைக்கும், ஆகவே ரவுட்டர் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வாலும் ஆனில் இருக்க வேண்டும். 445ஐ ஷேரிங்குக்காகத் திறப்பதால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேப்பமரத்தடி:
இருவருக்கும் நன்றி. பப்ளிக் என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டு ஃபயர்வாலைப் போட்டேன், மகன் இரண்டு பக்கம் அனுப்பினான், வந்தது. சிவப்புக் குறியும் போய்விட்டது. ஆனால் ஃபயர்வாலில் அனுமதித்த ஆப் பட்டியலைப் பார்த்தபோது, வந்தவர் அன்று போட்ட, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் ஆப் ஒன்று பிரைவேட், பப்ளிக் இரண்டிலும் டிக் ஆகி இருக்கிறது. டிக்கை எடுத்தால் போதுமா?

பழைய மோடம்:
போதாது சார். விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும், உள்ளிருந்து வெளியே போவதை நாம் தனியாகச் சொல்லாதவரை விட்டுவிடும். அந்த மாதிரி ஆப்கள் தாமே வெளியே போய்த் தங்கள் சர்வரோடு பேசி வைத்துக்கொள்ளும், மறுமுனையில் இருப்பவர் அந்த வழியாகவே உள்ளே வருவார். ஆப்பையே அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், பட்டியலில் மிச்சம் இருந்தால் அதையும் நீக்குங்கள். வங்கிப் பாஸ்வேர்டை இந்தக் கணினியில் இல்லாமல் ஃபோனிலிருந்து மாற்றிவிடுங்கள், அதை இன்று இரவே செய்யுங்கள்.