பழைய மெர்சிடிஸ் 230ஈ: இடது பிரேக் விளக்கு மங்கல், பல்பு மாற்றியும் அதே கதை

ஜெலுத்தோங்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன 1990 மெர்சிடிஸ் 230ஈ, டபிள்யூ124 என்கிற பாடி மாடல், இன்னும் என்னிடம்தான் ஓடுகிறது. போன வாரம் சிவப்பு விளக்கில் நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த பையன் கண்ணாடியைத் தட்டி, "அங்கிள், லெஃப்ட் சைட் பிரேக் லைட் எரியல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எரியாமல் இல்லை, எரிகிறது. ஆனால் சாமி விளக்கு மாதிரி. 21 வாட் பல்பு புதிதாக வாங்கிப் போட்டேன், 4 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதே மங்கல். வலது பக்கப் பல்பை இடதுக்கு மாற்றிப் போட்டேன், அதுவும் மங்கல். பிரேக்கை மிதித்தவுடன் மீட்டர் போர்டில் பல்பு எச்சரிக்கை வந்துவிடுகிறது, என்ஜினை நிறுத்தும்வரை போவதில்லை.

இதில் ஒரு வினோதம். பெரிய விளக்கைப் போடாமல் பிரேக்கை மட்டும் மிதித்தால், முன்னால் இடது மூலையில் இருக்கும் சின்ன பார்க்கிங் விளக்கு லேசாக மினுங்குகிறது என்கிறாள் என் மகள். முதலில் நம்பவில்லை. வீடியோ எடுத்துக் காட்டினாள். பிரேக்குக்கும் முன் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு பட்டறையில் காட்டினேன். பொமன் (மெக்கானிக்) பின் பொனட்டை, அதாவது டிக்கியைக்கூடத் திறக்கவில்லை. "லாம்பு மொத்தமும் போச்சு, பழைய சாமான் 450 வெள்ளி, கூலி தனி" என்றார். நானே 25 வெள்ளிக்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கி எர்த், அதாவது கரண்டு பாடி இரும்பு வழியாகத் திரும்பும் இணைப்பு, சரியா என்று பார்த்தேன். நன்றாகவே பீப் அடிக்கிறது, ஆகவே எர்த் நல்லது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை குடும்பத்தோடு ஈப்போ போக வேண்டும். 450 கொடுக்க மனசு வரவில்லை.

ஸ்ரீமூடா 124:

முதலில் ஃபியூஸைப் பாருங்கள் பிரதர். அந்தக் கால 124-ல் தோட்டா மாதிரி ஃபியூஸ், மேலே மெல்லிய அலுமினியப் பட்டை. வருஷம் ஆக ஆக வெள்ளை பூத்துவிடும். இருந்த இடத்திலேயே விரலால் நாலு சுற்று உருட்டிவிட்டாலே பல காடிகளில் (கார்களில்) பாதிக் கோளாறு போய்விடும். அப்படியும் சரிவரவில்லை என்றால் மொத்தமாக எல்இடிக்கு மாறிவிடுங்கள். நான் மாற்றிவிட்டேன், பளிச்சென்று இருக்கிறது.

பட்டவொர்த் வயர்மேன்:

தம்பி, வலது பக்கம் ஒழுங்காக எரிகிறது என்றால் ஃபியூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. ஃபியூஸ் பூத்திருந்தால் இரண்டும் சேர்ந்து மங்கியிருக்கும்.

நீங்கள் வினோதம் என்று எழுதினீர்களே, அதில்தான் விடை இருக்கிறது. பாதி வேலையை உங்கள் மகள் முடித்துவிட்டாள். இடது பின் விளக்கில் பிரேக், சின்ன விளக்கு, சிக்னல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான்: எர்த். ஜெர்மன் காடிகளில் பழுப்பு வயர். லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு வாசலில் ஏறும். அதே கதைதான். பிரேக் பல்பு வழியாக வந்த கரண்டுக்கு எர்த்தில் வழி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கின் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, அந்த வயரிலேயே முன்னால் போய், முன் பார்க்கிங் விளக்கு வழியாக அங்கே எர்த் ஆகிறது. அதனால்தான் அங்கே மினுங்கல்.

பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். மலிவு மீட்டர் 30, 40 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். 21 வாட் பல்பு முழுதாக எரியும்போது அதன் தடையே 7 ஓம்தான். எர்த்தில் 5 ஓம் இருந்தாலே விளக்கு செத்தது போலத்தான், மீட்டரோ சந்தோஷமாகக் கூவும். பத்து இழை வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் கூவும்.

எர்த்தைக் கரண்டு ஓடும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பில் அழுத்துங்கள். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சிவப்பு முனையைப் பிரேக் பல்பின் பித்தளை உடம்பில் வையுங்கள். 0.1, 0.2 வந்தால் நல்ல எர்த். அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அதை எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் பல்பின் அடியில் நடுப் புள்ளிக்கு வரும் வோல்ட்டையும் பாருங்கள்.

ஜெலுத்தோங்காரன்:

மிதிக்க ஆள் இல்லை, மகள் டியூஷன் போய்விட்டாள். விளக்குமாற்றுக் கட்டையைப் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துவிட்டேன். ஃபிளாட் கார் பார்க்கில் போகிறவர்கள் எல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பேட்டரி 12.3. நடுப் புள்ளியில் 11.8. பித்தளை உடம்பில் 5.6! தட்டை அசைத்தால் 4-க்கு இறங்கி மறுபடி 6-க்கு ஏறுகிறது.

பட்டவொர்த் வயர்மேன்:

இதோ, 450 வெள்ளி மிச்சம். 11.8 வந்து சேர்கிறது, அதில் 5.6 எர்த்திலேயே போய்விடுகிறது. பல்புக்குக் கிடைப்பது ஆறு வோல்ட் சொச்சம். பாதி வோல்ட் என்றால் பாதி வெளிச்சம் என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்ட் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் சொன்ன சாமி விளக்குக் கணக்கு அதுதான்.

இன்னொன்று. அந்த 5.6 வோல்ட் சும்மா போவதில்லை. ஒரு ஆம்பியருக்கு மேல் ஓடும் இடத்தில் அரிசி மணி அளவு இணைப்பில் ஆறு ஏழு வாட் சூடு. சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும் நேரமெல்லாம் அங்கே பிளாஸ்டிக் வெந்துகொண்டிருக்கிறது. தட்டைக் கழற்றிப் பாருங்கள், எர்த் கால் இருக்கும் இடம் பழுப்பேறி இருக்கும்.

ஜெலுத்தோங்காரன்:

அண்ணே, பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். பின் பொனட் உள்ளே மூடியை எடுத்துத் தட்டைக் கழற்றினேன். பிளக் சொருகும் இடத்தில் ஒரு கால் கறுத்துப்போய், சுற்றி பிளாஸ்டிக் இளகி வளைந்திருக்கிறது. அதற்கு வரும் வயர் பழுப்பு. தகட்டில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி படிந்திருக்கிறது. மற்ற கால்கள் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கின்றன.

சுங்கைடுவா தம்பி:

இதுக்குப் போய் இவ்வளவா? சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை மடித்து அந்தக் காலில் சொருகுங்க லா. என் மோட்டாரில் இரண்டு வருஷமாக ஓடுகிறது.

பட்டவொர்த் வயர்மேன்:

தம்பி, உங்கள் மோட்டார் பிரேக் பல்பு ஒன்று. இவர் தட்டில் நாலைந்து பல்பு, பக்கத்துப் பக்கத்தில் கரண்டு வரும் கால்கள். குழியில் ஏறி இறங்கும்போது வெள்ளித்தாள் நழுவி அடுத்த காலைத் தொட்டால் ஃபியூஸ் போகும், அதுவும் இருட்டில். அலுமினியமும் வேறு உலோகமும் ஈரத்தில் ஒட்டி இருந்தால் சீக்கிரமே பூத்துப்போகும். அப்புறம் முன்னைவிட மோசம்.

பூச்சோங் அக்கா:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் 124 இருந்தது, அதில் நான் பட்ட பாடு. பச்சை படிந்திருக்கிறது என்றால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். எர்த்தைச் சரிசெய்துவிட்டு அதை விட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இங்கேயே வந்து எழுதுவீர்கள். பின் பொனட் கம்பளத்தைத் தூக்கி ஸ்பேர் டயர் குழியைப் பாருங்கள் தம்பி. விளக்குக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் முப்பது வருஷத்தில் அப்பளம் ஆகியிருக்கும்.

அடைப்பதற்குக் கடையில் கிடைக்கும் சிலிக்கோனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். புளித்த வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் காயும்போது அமிலத்தை விடும், பித்தளை, செம்பு எல்லாம் அரிக்கும். நான் அதைத்தான் அப்பி, நல்லா இருந்த வலது பக்கத்தையும் கெடுத்தேன். நியூட்ரல் என்று போட்டிருப்பதை வாங்குங்கள், இல்லையென்றால் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா). டேப்தான் நல்லது, பிறகு கழற்றவும் வரும்.

ஜெலுத்தோங்காரன்:

அக்கா, ஸ்பேர் டயர் குழியில் ஒரு கோப்பை தண்ணீர். அப்பாவின் ஜாக் துருப்பிடித்துக் கிடக்கிறது.

வயர்மேன் அண்ணே, இனி என்ன செய்வது? அந்தக் காலிலேயே சாலிடர் வைக்கலாமா? அப்புறம் எல்இடி பற்றி ஒரு வார்த்தை. கரண்டு குறைவாக இழுக்கும், சூடும் குறையும் என்கிறார்களே, அதைப் போட்டால் இந்தக் கெட்ட எர்த்தே போதுமா?

பட்டவொர்த் வயர்மேன்:

எல்இடி கரண்டு குறைவாக இழுக்கும் என்பது உண்மை. அதுதான் இந்தக் காடியில் தொல்லை. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு கரண்டு போகிறது என்று ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்இடி போட்டால் அது பல்பு செத்துவிட்டது என்று நினைத்து எச்சரிக்கை போடும். அதை ஏமாற்ற 6 ஓம் ரெசிஸ்டர் விற்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். மிச்சம் பிடித்த கரண்டை எல்லாம் ஒரு சின்ன உலோகத் துண்டில் சூடாக்கி, அதைக் கம்பளத்துக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுகிறோம். வெந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தபிறகும் ஆசை இருந்தால் செய்யுங்கள். கெட்ட எர்த்தும் அப்படியே இருக்கும், சிக்னல் போடும்போது தலைகாட்டும்.

சாலிடர் வேண்டாம். அந்தத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். ஈயம் ஒட்டுவதற்குள் இளகிய பிளாஸ்டிக் இன்னும் இளகி, பல்பு கோணலாக உட்காரும். நான் செய்வது இப்படி. பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள். எர்த் தகடு தட்டின் மேல் ஓடும் பாதையில், எந்த பல்புக்கும் இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து 3 மில்லி துளை போடுங்கள். தகட்டை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். வளையம் வைத்த 1.5 சதுர மில்லி வயரை அதில் சின்ன நட்டு போல்ட்டால் முறுக்குங்கள். மறுமுனையைப் பாடியில் அருகே இருக்கும் ஒரு போல்ட்டுக்குக் கீழே கொடுங்கள். அங்கே பெயின்ட்டை இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும், பல் வாஷர் போட வேண்டும், முறுக்கியபின் மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். முக்கால்வாசிப் பேர் பெயின்ட்டின் மேலேயே முறுக்கிவிட்டு, எர்த் கொடுத்தும் வேலை செய்யவில்லை என்பார்கள்.

பழைய பழுப்பு வயரை வெட்ட வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். பல்பு உட்காரும் இடங்களையும் தேய்த்துவிடுங்கள். பிரேக் பல்பு இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் அந்தக் காவல்காரப் பெட்டி குழப்பிக்கொள்ளாது.

ஸ்ரீமூடா 124:

அண்ணே சொல்வது சரிதான். என் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது, கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெள்ளை எல்இடி வாங்கிவிட்டேன், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ரோஸ் நிறமாகத் தெரிகிறது. வாங்குகிறவர்கள் சிவப்பே வாங்குங்கள். கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு வயர், வளையம், வாஷர் எல்லாம் புடு ஜாலான் பசாரில் ஒரே நடையில் கிடைக்கும்.

ஜெலுத்தோங்காரன்:

முடிந்தது! ஞாயிறு காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் பழைய கைத்துளைப்பான் ஒன்று 8 வெள்ளிக்குப் பேரம் பேசி வாங்கினேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அது ஆசைக்கு. வயர் 2 மீட்டர் 3 வெள்ளி, வளையமும் வாஷரும் 4, உப்புத்தாள் 1.50, பியூட்டைல் டேப் 12, ஒரே கம்பெனிப் பல்பு இரண்டு 10. மொத்தம் 30.50. டேப் இன்னும் முக்கால்வாசி மிச்சம்.

வேலை இரண்டு மணி நேரம் என்று நினைத்தேன், நாலு ஆனது. பாதி நேரம் கீழே விழுந்த நட்டைத் தேடியது. ஈப்போவுக்கு நேற்று மனைவியின் மைவி காரில் போய் வந்துவிட்டோம், அவசரப்பட்டுச் செய்ய மனமில்லை.

இப்போது பித்தளை உடம்பில் 0.07. முன் விளக்கு மினுங்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. பின்பக்கச் சுவரில் இரண்டு சிவப்பும் ஒரே மாதிரி விழுகின்றன. மகள் ஹோஸில் விளக்கின் மேல் அரை மணி நேரம் தண்ணீர் அடித்தாள், குழி காய்ந்தே இருக்கிறது. பெரும்பாலான தண்ணீர் என் மேல்தான்.

ஒரே ஒரு விஷயம். மீட்டர் கையில் இருக்கிறதே என்று வலது பக்கத்தையும் அளந்து பார்த்தேன். 0.9.

பட்டவொர்த் வயர்மேன்:

வயர் இரண்டு மீட்டர் வாங்கினீர்கள், ஒரு பக்கத்துக்கு அரை மீட்டர்கூட ஆகியிருக்காது. அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளுங்கள். நட்டு கீழே விழாமல் இருக்கக் கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.