மறு: ‘கட்டாய அணுகல் கட்டுப்பாடு’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

> கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்றே இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு நேரான சொல்தானே?

எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் ஒரு பாதுகாப்பு அடுக்கு) கலைச்சொற்களில் வரும் ‘மேண்டேட்டரி ஆக்சஸ் கண்ட்ரோல்’ என்பதற்கு அது நேரான சொல்தான். நேராக இருப்பதுதான் சிக்கல். தமிழில் அடைமொழி அடுத்து நிற்கும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘கட்டாயத் திருமணம்’ போல ‘கட்டாய அணுகல்’ என்று படித்தால், யாரோ அடாவடியாக உள்ளே நுழைவதாகத் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு ஃபெடோரா லினக்ஸ் சர்வரில், என் ஹோம் அடைவில் எழுதிய பக்கத்தை எம்வி கட்டளையால் அப்பாச்சி என்ற வலைச் சேவையின் அடைவுக்கு நகர்த்தினேன். உலாவியில் 403, அதாவது ‘அனுமதி இல்லை’. உரிமையாளரை மாற்றினேன், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மோட் 777 கூடப் போட்டேன் (திட்டாதீர்கள்). அசையவில்லை. எஸ்இலினக்ஸ் லேபிளைக் காட்டும் எல்எஸ் மைனஸ் இசட் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கோப்பு பழைய ‘யூசர்_ஹோம்_டி’ லேபிளோடேயே வந்திருக்கிறது. ‘எச்டிடிபிடி_டி’ லேபிளோடு ஓடும் அப்பாச்சிக்கு அதைப் படிக்க எஸ்இலினக்ஸ் விதியில் இடமில்லை. இடத்துக்குரிய லேபிளைத் திரும்ப ஒட்டும் ரீஸ்டோர்கான் ஒரு தடவை கொடுத்தேன், சரியாகிவிட்டது.

ஆக, கோப்பின் உடையவர் தலையாட்டினாலும் அதற்கு மேல் ஒரு விதி நிற்கிறது. ரூட்டாக, அதாவது முழு அதிகாரப் பயனராக, ஓடும் சேவையையும் அது விடாது. சோதனை வரிசையும் அப்படித்தான்: வழக்கமான அனுமதியில் தேறிய பிறகே எஸ்இலினக்ஸிடம் கேள்வி போகும். அதனால் ‘மேல்விதி அணுகல் கட்டுப்பாடு’ என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன், அதிலும் அடைமொழி அணுகலோடு ஒட்டுகிறது. ‘அணுகல் மேல்விதி’ எப்படி? விதி என்றாலே கட்டுப்பாடு வந்துவிடுகிறது. சிஎச்மோட் வகையை ‘உடையவர் இசைவு’ எனலாம்.

‘பாலிசி’க்கான ‘கொள்கை’யையும் மாற்ற வேண்டும். கட்சி மாநாடுதான் நினைவுக்கு வருகிறது. கெர்னலில் (லினக்ஸின் மையக்கருவில்) ஏற்றுவது விதித்தொகுப்பு.

‘கன்ஃபைன்ட் சர்வீஸ்’ என்பதற்கு ‘சிறையிட்ட சேவை’ எனக்கு ஒப்பவில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஜெயில் என்ற பெயரிலேயே ஒரு வசதி 2000 முதல் இருக்கிறது, குழம்பும். தவிர, இங்கே சேவையை யாரும் பூட்டி வைக்கவில்லை. தன் கோப்பு, தன் போர்ட் வரை தாராளமாகப் போய்வரலாம். ‘வரம்பிட்ட சேவை’ போதும். 2004இல் வந்த ஃபெடோரா கோர் 3, குறிப்பிட்ட சில சேவைகளை மட்டும் வரம்பிட்டு மற்றதை விட்டுவிட்டது. அந்த மற்றவை ‘வரம்பிடாதவை’.

ஒன்று மட்டும் இழுக்கிறது. விதி மீறினால் பதிவில் குறித்துக்கொண்டு, ஆனால் தடுக்காமல் விடும் நிலைக்கு என்ன சொல்வது? எஸ்இலினக்ஸில் அது ‘பெர்மிசிவ்’; ‘அனுமதி நிலை’ என்றால் விதியே இல்லாத மாதிரி இருக்கிறது. இதே வேலையைச் செய்யும் இன்னொரு லினக்ஸ் பாதுகாப்பு அடுக்கான ஆப்ஆர்மர்காரர்கள் அதைப் ‘புகார் நிலை’ என்கிறார்கள். இரண்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா?