454 போட் இன்ஜினுக்கு எந்த ஹெட்? ஓவல் போர்ட்டா, ரெக்டாங்குலரா? வேலூர் பக்கத்து மெக்கானிக் அண்ணன்மாருங்க சொல்லுங்க

வாலாஜா தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு வாலாஜா, வேலை ஷார்ஜாவுல ஒரு போட் ஒர்க்‌ஷாப்ல. இப்ப லீவுல வந்திருக்கேன். திரும்பிப் போறதுக்குள்ள எந்த ஹெட்டுன்னு முடிவா சொல்லச் சொல்லி ஃபோர்மேன் கேட்டிருக்காரு.

போட் 28 அடி. உள்ள செவர்லே பிக் பிளாக் 454 (454 க்யூபிக் இன்ச் V8), மார்க் ஃபோர்ங்கிற பழைய தலைமுறை பிளாக். இடது பக்க ஹெட்டுல (சிலிண்டரை மேல மூடுற, வால்வ் இருக்குற பாகம்) இன்டேக் வால்வ் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கும் நடுவுல கிராக். இப்ப இருக்குறது காத்து போற ஓட்டை (போர்ட்) சின்னதா இருக்குற பீனட் போர்ட் ஹெட்டு. ஓனருக்கு இதே சாக்குல ஸ்பீடும் ஏறணுமாம். ஒருத்தர்கிட்ட பழைய அலுமினியம் ரெக்டாங்குலர் போர்ட் ஹெட்டு ஒரு ஜோடி சல்லிசா வருது. வால்வ் இன்டேக் 2.19, எக்ஸாஸ்ட் 1.88 இன்ச். பிஸ்டன், கேம் (வால்வைத் திறந்து மூடுற தண்டு) ரெண்டும் ஓனர் மாத்த மாட்டாரு. ஃபுல் த்ராட்டில்ல 4600 ஆர்பிஎம் போகுது. வாங்கிப் போடச் சொல்லலாமா?

காட்பாடி லேத்து:
தம்பி, ஹெட்டு கதை அப்புறம். கூலிங் இன்னா மாதிரி? ஹீட் எக்ஸ்சேஞ்சர் கீதா, இல்ல கடல் தண்ணியே நேரா பிளாக்குக்குள்ள போகுதா?

வாலாஜா தம்பி:
நேரா கடல் தண்ணிதாண்ணே.

காட்பாடி லேத்து:
அப்போ அலுமினியத்தை மறந்துடு. உப்புத் தண்ணி அலுமினியம் ஹெட்டோட தண்ணி வழியை அரிச்சிடும். கேஸ்கெட் உக்கார்ற இடத்துல ஓட்டை ஓரமெல்லாம் புழு தின்ன கட்டை கணக்கா ஆயிடும், ஃபேஸிங் போட்டாலும் தேறாது. உள்ள கூலன்ட் சுத்துற க்ளோஸ்டு கூலிங் இருந்தாதான் கடல்ல அலுமினியம். அந்தக் கிட்டுக்கு ஓனர் காசு போடுவாரா? இல்லேன்னா காஸ்ட் அயர்ன்தான்.

சத்துவாச்சாரி ஸ்பீடு:
அயர்ன்லயும் ரெக்டாங்குலர் வருதே? டார்ட் கம்பெனியோட அயர்ன் ஈகிள் 308 கீது. பெரிய ஓட்டை, பெரிய வால்வ், காத்து நிறைய போவும், பவர் ஏறும். யோசிக்க இன்னா இருக்கு?

மேல்விஷாரம் பாய்:
யோசிக்க நிறைய இருக்கு தம்பி. நான் பஹ்ரைன்ல போட் இன்ஜின் வேலைதான் பார்த்தேன்.

ஓட்டை பெருசானா காத்தோட வேகம் குறையும். 6000 சுத்துற இன்ஜினுக்கு அது சரி. இந்த போட் நாள் பூரா ஓடப் போறது 3000, 3500-ல. அந்த சுத்துல 300 சிசி-க்கு மேல இருக்குற ரன்னர்ல (ஹெட்டுக்குள்ள காத்து போற வழி) காத்து சோம்பேறியா நகரும், பெட்ரோல் சரியா கலக்காம சுவத்துல படியும். மூக்கைத் தூக்கிட்டுத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருக்குற போட்டு, மேல எழும்பி வழுக்கி ஓடணும்னா டார்க் (இழுவை) வேணும். அந்த இடத்துலதான் ரெக்டாங்குலர் ஹெட்டு போட்ட 454 திணறும்.

காருக்கும் போட்டுக்கும் வித்தியாசம் என்னன்னா, பேரணாம்பட்டு பத்தலப்பல்லி காட் ரோட்டுல லோடு லாரி ஏறுதே, அந்த ஏத்தம் முடியவே முடியாதுன்னு வெச்சுக்குங்க. போட் இன்ஜினுக்கு இறக்கமே கிடையாது. ஆக்ஸிலேட்டரை விட்டு மூச்சு வாங்க நேரம் இல்லை. அதனால ஹெட்டு எவ்வளவு காத்து விடுதுங்கிறதுக்கு சமமா எக்ஸாஸ்ட் வால்வ் என்ன மெட்டல்னு பாக்கணும். இன்கொனெல் (சூடு தாங்குற நிக்கல் கலவை) வால்வ் போடுங்க. சாதா ஸ்டெயின்லெஸ் தொடர்ந்து ஃபுல் லோடுல தலை கருகி உடைஞ்சு பிஸ்டன் மேல விழும். கைடு கிளியரன்ஸும் (வால்வ் தண்டுக்கும் அது ஓடுற கைடுக்கும் நடுவுல இடைவெளி) காருக்கு வைக்கிறதைவிடக் கொஞ்சம் தாராளமா.

என் சாய்ஸ் ஓவல் போர்ட் அயர்ன், ஓட்டை பீனட்டைவிடப் பெருசு, ரெக்டாங்குலரைவிடச் சின்னது. ஜிஎம் பழைய காஸ்டிங்ல 353049, 336781 ரெண்டும் நல்ல ஹெட்டு. நம்பர் வால்வ் கவரைக் கழட்டினா தெரியும்.

சத்துவாச்சாரி ஸ்பீடு:
502 பிக் பிளாக்ல கம்பெனியே ரெக்டாங்குலர் போட்டுத்தானே பாய் குடுத்தான்?

மேல்விஷாரம் பாய்:
502 போர் (சிலிண்டர் அகலம்) 4.466 இன்ச். 454 போர் 4.250. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) ரெண்டுக்கும் 4 இன்ச்தான். போர் பெருசு, க்யூபிக் இன்ச் ஜாஸ்தி, கேமும் அதுக்கேத்த கேம். தம்பி கேமும் பிஸ்டனும் மாத்தலைன்னு சொல்லிட்டாரே. 502-ஆ இருந்தா நானே சரின்னுடுவேன்.

வாலாஜா தம்பி:
ரொம்ப நன்றி பாய். ஓவல்ல சேம்பர் (ஹெட்டுல பெட்ரோல் எரியுற குழி) சின்னதா இருக்குற க்ளோஸ்டு சேம்பர் ஹெட்டு வாங்கினா கம்ப்ரஷனும் ஏறுமே, அது?

காட்பாடி லேத்து:
ஏறும், பாத்து ஏத்து. 454-ல ஒரு சிலிண்டர் சுமார் 930 சிசி. ஃப்ளாட் பிஸ்டன்னா, 118 சிசி சேம்பர்ல கேஸ்கெட் கனமெல்லாம் சேத்து கம்ப்ரஷன் 8 பக்கம் வரும். 100 சிசி-க்கு மாத்தினா 9-ஐத் தாண்டிடும். அங்க 95 பெட்ரோல் கிடைக்குது, 9 ஓகேதான். ஆனா மேல மேடு வெச்ச டோம் பிஸ்டனா இருந்தா சின்ன சேம்பர்ல மண்டை இடிக்கும். பிஸ்டனைக் கண்ணால பாக்காம ஆர்டர் போடாத. பழைய ஹெட்டை கவுத்து வெச்சு, ஓட்டை போட்ட கண்ணாடித் தகடை கிரீஸ் தடவி ஒட்டி, ப்யூரெட்ல எண்ணெய் ஊத்தி சிசி அளந்துக்கோ.

பிளாக் மார்க் ஃபோர்தான்னு எப்படி சொல்ற? 1991-ல இருந்து ஜென் ஃபைவ்ங்கிற அடுத்த தலைமுறை. அதுல டெக்ல (ஹெட்டு உக்கார்ற பிளாக்கோட மேல் முகம்) தண்ணி ஓட்டை வேற மாதிரி, பழைய ஹெட்டு போட்டா கூலன்ட் லீக் வரும், கேஸ்கெட் பாத்துதான் போடணும்.

வாலாஜா தம்பி:
மெக்கானிக்கல் ஃபியூயல் பம்ப் உக்கார்ற இடம் இருக்குண்ணே, கிராங்க் ரியர் சீல் ரெண்டு துண்டு. மார்க் ஃபோரேதான். கிராக் விட்ட ஹெட்டை ஊருக்கு எடுத்துட்டு வந்து சரி பண்ணலாமா? இங்க கூலி கம்மியாச்சே.

காட்பாடி லேத்து:
ஒரு ஹெட்டே முப்பது கிலோவுக்கு மேல கீது நைனா. உன் லக்கேஜ் பூரா அதுவேதான். ரெண்டு சீட்டுக்கு நடுவுல விட்ட கிராக்குல நான் கை வைக்க மாட்டேன். நல்லா இருக்குற ஹெட்டையும் வாங்குறதுக்கு முன்ன பிரஷர் டெஸ்ட் கேளு: தண்ணி ஓட்டை எல்லாம் அடைச்சு, காத்து ஏத்தி, தொட்டியில முக்கினா குமிழி காட்டிக் குடுத்துடும்.

மேல்விஷாரம் பாய்:
ஒண்ணு விட்டுப் போச்சு. கிராக் ஏன் வந்துச்சுன்னு பாத்தீங்களா? கழட்டின ஹெட்டுல எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க.

வாலாஜா தம்பி:
ஃபோர்மேன்கிட்ட போட்டோ கேட்டு வாங்கினேன் பாய். பின்னாடி ரெண்டு சிலிண்டர்ல எக்ஸாஸ்ட் வால்வ் தண்டு செம்மண் கலர்ல துரு ஏறிக் கிடக்கு. மத்தது கரி பிடிச்சு காஞ்சிருக்கு.

மேல்விஷாரம் பாய்:
அப்ப எக்ஸாஸ்ட் வழியா தண்ணி திரும்பி வருது. சூடான சீட்டு மேல தண்ணி பட்டா அயர்ன் வெடிக்காம என்ன பண்ணும்? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் (எக்ஸாஸ்ட்டும் கூலிங் தண்ணியும் சேர்ற குழாய்) உள்ள அரிச்சிருக்கான்னு கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, கேஸ்கெட் முகம் முக்கியம். அது நல்லா இருந்தா, கேம்ல ஓவர்லேப் (ரெண்டு வால்வும் ஒண்ணா திறந்திருக்குற நேரம்) ஜாஸ்தியா, ஐடில்ல தண்ணியை இழுக்குதான்னு சந்தேகப்படணும். இதை விட்டுட்டு எந்த ஹெட்டு மாட்டினாலும் அடுத்த சீசன்ல இதே கிராக்தான்.

சத்துவாச்சாரி ஸ்பீடு:
சரி பாய், ஓவலே போடட்டும். இன்டேக் மேனிஃபோல்டும் ஓவல் போர்ட்டுக்கு வர்றதா வாங்கணும் தம்பி, பீனட் மேனிஃபோல்டையே வெச்சா ஹெட்டு மாத்தி பிரயோஜனம் இல்ல.

காட்பாடி லேத்து:
ஹெட் கேஸ்கெட் மரைன் கேஸ்கெட்டா கேட்டு வாங்கு, கார் கேஸ்கெட் உப்புல துரு பிடிச்சு ஊத்திக்கும். தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள இறங்குற போல்ட்டுக்கு மரையில சீலன்ட் தடவச் சொல்லு. ஆர்டர் போடுறதுக்கு முன்ன போர் இன்னும் 4.250 தானா, இல்ல ரீபோர் ஆகி 4.310 ஆயிடுச்சான்னு அளந்து இங்க போடு, கேஸ்கெட் சைஸ் சொல்றேன்.