ஹாவ் பார் வில்லாவுக்குச் சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வரும் பள்ளி விடுமுறையில் என் 6 வயது மகளையும் 11 வயது மகனையும் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் சாலையிலுள்ள ஹாவ் பார் வில்லா என்னும் சிலைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். சிறு வயதில் என் தந்தையுடன் அங்கே சென்று, நரகக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் உறங்காமல் அழுதது மட்டுமே நினைவிருக்கிறது. சீனப் புராணக் கதைகள் அறியாத நாங்கள் எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது?

மறுமொழி 1

இறந்தோரின் பாவங்களுக்குத் தீர்ப்பும் தண்டனையும் வழங்கப்படுவதைச் சிலைகளாகக் காட்டும் பத்து நரக மன்றங்கள் இப்போது 2021இல் திறக்கப்பட்ட கட்டண அருங்காட்சியகத்துக்குள் இருப்பதால், பிள்ளைகள் தெரியாமல் அதற்குள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் வேண்டாம். பூங்காவின் மற்ற பகுதிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகளை ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலாமல், இரண்டு கதைகளை மட்டும் முதல் நாளே வீட்டில் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லுங்கள். கதை தெரியாதவருக்கு அவை வண்ணம் பூசிய சிமெண்டு உருவங்கள்தாம். குரங்கு வீரன் சுன் வூகோங்கின் கதையிலிருந்து தொடங்கலாம். அவன் காவலாகச் செல்லும் துறவி, 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதிய யுவான் சுவாங்தான் என்று சொன்னால் உங்கள் மகன் நிமிர்ந்து உட்காருவான். மகளுக்கு, பெண்ணுருக் கொண்டு மனிதனை மணந்து, பின்னர் ஒரு துறவியால் கோபுரத்தின் அடியில் சிறைவைக்கப்பட்ட வெள்ளைப் பாம்பின் கதையைச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

மகனுக்கு நரகத்தையும் காட்டலாம் என்பது என் கருத்து. அங்கே தீர்ப்பு வழங்கும் யென்லுவோ வேறு யாருமல்லர். பௌத்தத்தோடு சீனம் சென்ற நம் யமராஜன்தான். கும்பிபாக நரகத்தின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எண்ணெய்க் கொப்பரை புதிதன்று. ஆனால் தேர்வில் ஏமாற்றியவனின் குடலை உருவும் காட்சியும் உண்டு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பிள்ளையிடம் அதை விளக்கும் பொறுப்பு உங்களுடையது. கடைசி மன்றத்தில், மறுபிறவிக்குச் செல்லும் உயிர்களுக்கு முற்பிறப்பை மறக்கச் செய்யும் தேநீரை மெங் போ என்னும் மூதாட்டி கொடுப்பதாக நம்பிக்கை. தண்டனைகளைவிட எனக்கு அதுவே மனத்தில் நின்றது.

மறுமொழி 3

எச்சரிக்கையாக ஒன்று சொல்கிறேன். நரகத்துக்கு வெளியேயும் பிள்ளைகள் கேள்வி கேட்கும் இடங்கள் உள்ளன. பல்லில்லாத மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் ஊட்டும் சிலை அவற்றுள் ஒன்று. பெற்றோரையும் மூத்தோரையும் பேணுதலைப் போற்றும் பழங்கதை அது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மனிதத் தலை கொண்ட நண்டைக் கண்டால் எந்த விளக்கமும் தேவைப்படாது, சிரித்துவிடுவார்கள். ரங்கூனில் பிறந்து டைகர் பாம் தைலத்தால் செல்வரான ஆவ் பூன் ஹாவ், தம்பி பூன் பாருக்காக 1937இல் இவ்விடத்தை எழுப்பினார். இருவர் பெயரும் சேர்ந்ததே ஹாவ் பார். மேட்டு நிலம், நிழல் குறைவு. காலையிலேயே சென்றுவிடுங்கள், எம்ஆர்டி ரயில் நிலையம் வாயிலருகிலேயே இருக்கிறது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. இன்றிரவு குரங்கு வீரனின் கதையைத் தொடங்குகிறேன். மகனை மட்டும் நரகத்துக்குள் அவன் தாத்தாவுடன் அனுப்பிவிட்டு, நானும் மகளும் நண்டின் அருகில் காத்திருப்போம்.