மறு: ஸ்டாப்லாஸ் – ‘நட்டத் தடுப்பு’ சரிவருமா?

வணக்கம் ஐயா. ஸ்டாப்லாஸுக்கு, அதாவது விலை நமக்கு எதிராகப் போய் ஒரு மட்டத்தைத் தொட்டால் அந்த அளவு நட்டத்தோடு வெளியேற முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆணைக்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> ‘நட்டத் தடுப்பு’ யாருக்கும் சட்டென்று புரியும். இதையே வைத்துக்கொள்ளலாம்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். என் கதையையே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பங்கு 240 ரூபாயில் இருந்தது. கணக்கில் 1,20,000. ஒரு டிரேடில் இரண்டு சதவீதத்துக்கு மேல் விடுவதில்லை என்பது என் கட்டுப்பாடு, அதாவது 2,400. சார்ட்டில் முந்தைய இரண்டு இறக்கமும் 234 பக்கம் சப்போர்ட் எடுத்துத் திரும்பியிருந்தன. அதற்குக் கொஞ்சம் கீழே, 232-இல் ஸ்டாப்லாஸ். இடைவெளி எட்டு ரூபாய். 2,400-ஐ எட்டால் வகுத்து 300 பங்கு வாங்கினேன். ஜி.டி.டி.யில் (தூண்டுவிலையைத் தொடும்வரை காத்திருந்து, தொட்டதும் தானே சந்தைக்குப் போகும் ஆர்டர்) தூண்டுவிலை 232, விற்கும் விலை 231.50 என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை 9.15-க்குப் பங்கு 219-இல் திறந்தது. ஆர்டர் போனது, அந்த விலைக்கு வாங்க ஆளில்லாமல் 231.50-இலேயே நின்றது. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி வண்டிக்கு நின்றபடி அதைக் கேன்சல் பண்ணி 219-க்குக் கையால் விற்றேன். போனது 6,300. எதைத் தடுத்தது, சொல்லுங்கள்?

> அப்படியென்றால் ‘நட்ட வரம்பு’?

குறித்த விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோ மட்டும் நடக்கும் லிமிட் ஆர்டரை ஏற்கெனவே ‘வரம்பு ஆணை’ என்கிறோம். இரண்டும் சேர்ந்த ஸ்டாப்லாஸ் லிமிட்டை ‘நட்ட வரம்பு வரம்பு ஆணை’ என்று எழுதவேண்டி வரும். வேண்டாம்.

நான் முன்வைப்பது ‘கலிங்கு’. ஏரி ஒரு மட்டத்தைத் தாண்டினால் மிகுதித் தண்ணீர் தானாக வழிய, கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய இடம். அது தண்ணீரைத் தடுப்பதில்லை. கரை உடையாமலிருக்கக் கொஞ்சத்தைப் போகவிடுகிறது. ஸ்டாப்லாஸ் செய்வதும் அதுவேதான். பெருவெள்ளம் வந்தால் கலிங்கும் போதாது என்பது உட்பட. வெள்ளைக்காரன் காலத்துப் பாசன அறிக்கைகளே ‘காலிங்குலா’ என்று இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டன. நாம் கூசுவானேன்?

இன்னொரு பொருத்தம்தான் என்னை இதில் பிடித்து நிறுத்தியது. பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும். ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க்காரர்கள் கல்லுக்குக் கல் வைக்கோலும் களிமண்ணும் திணித்து மட்டத்தை ஒரு சாண் ஏற்றுவார்கள், இன்னொரு போகத்துக்கு ஆகுமே என்று. கரைக்குக் கீழே வீடு இருப்பவர்கள் ராத்திரியில் வந்து பிடுங்கிப் போடுவார்கள். விலை 232-ஐ நெருங்கும்போது ‘திரும்பிடும்’ என்று ஸ்டாப்லாஸை 228-க்கும், அப்புறம் 222-க்கும் இறக்குகிறோமே, அது இந்த வைக்கோல் திணிப்பேதான். ‘கலிங்கை அடைக்காதே’ என்றால் விளக்கவுரையே வேண்டாம்.

> ஏரியில் தண்ணீர் ஏறுகிறது, இங்கே விலை இறங்குகிறது. உவமை தலைகீழாக இருக்கிறதே?

தண்ணீர் விலையல்ல ஐயா, நட்டம். வாங்கி வைத்தவருக்கு விலை இறங்கினால் அது ஏறும். ஷார்ட் போனவருக்கு, அதாவது கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுப் பிறகு வாங்குபவருக்கு, விலை ஏறினால் ஏறும். இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.

விழுப்புரத்து நண்பர் தனிமடலில், கலிங்கு வழிவதைத் தங்கள் பக்கம் ‘ஏரி கோடி போகுது’ என்றுதான் சொல்வார்கள், ‘கோடி’யை எடுத்தால் என்ன என்று கேட்டிருந்தார். அழகான சொல்தான். ஆனால் பங்குச்சந்தைக் கட்டுரையில் ‘கோடி போச்சு’ என்று எழுதினால் படிக்கிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்!

ஆக, கலிங்கு விலை, கலிங்கு ஆணை. ‘எஸ்.எல். அடிச்சிடுச்சு’ என்பதற்குக் ‘கலிங்கு போயிடுச்சு’. பொசிஷன் சைசிங்கை (எத்தனை பங்கு வாங்குவது என்ற கணக்கை) தனி இழையில் பார்ப்போம், அது பெரிய பஞ்சாயத்து.

டிரெயிலிங் ஸ்டாப்லாஸ்தான் உதைக்கிறது. லாபம் கூடக்கூடப் பின்னாலேயே வரும் கலிங்கு எந்த ஏரியிலும் இல்லை. ‘நகரும் கலிங்கு’ என்றால் கல் நகர்கிற மாதிரி இருக்கிறது; ‘தொடர் கலிங்கு’ என்றால் வரிசையாகப் பல கலிங்குகள் என்று படுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?