காரை வீட்டில் விட்டு வந்தால் ஊக்கத்தொகை: பலன் தருமா?

கேள்வி: அலுவலகத்துக்குக் காரில் வராத நாளுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று பரிசீலனையில் இருக்கிறது. பார்க்கிங் இலவசமாகவே தொடரும். கார்கள் உண்மையில் குறையுமா?

பதில் 1: பார்க்கிங் இலவசம் என்பதே பெரிய ஊக்கத்தொகைதான், அதுவும் எதிர்த்திசையில். அதன் மதிப்பை ரொக்கமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கொடுங்கள். கலிபோர்னியாவில் 1992-லேயே இதற்குச் சட்டம் வந்தது. இதைச் செயல்படுத்திய 8 நிறுவனங்களை ஆராய்ந்தபோது, தனியாகக் காரில் வந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 63-ஆகக் குறைந்திருந்தார்கள்.

பதில் 2: கணக்கை மாத அளவில் வைக்காதீர்கள். மாதப் பார்க்கிங் பாஸ் வாங்கியவருக்கு அடுத்த பயணம் இலவசம் போலத்தான், கட்டிய காசு வீணாகாமல் தினமும் காரை எடுப்பார். நாள் கணக்கில் வைத்தால் வாரம் இரண்டு நாளாவது பஸ்ஸில் வர மனம் வரும். மழை நாளில் காரில் வந்தாலும் மாதச் சலுகை முழுதும் போய்விடாது.

பதில் 3: அடிப்படை அளவீட்டில், அதாவது திட்டத்துக்கு முன் யார் எத்தனை நாள் காரில் வந்தார்கள் என்ற கணக்கில், கவனம். முன்கூட்டியே அறிவித்தால், பிறகு 'குறைத்துக்' காட்டுவதற்காகவே சிலர் கூடுதலாகக் காரை எடுப்பார்கள். பழைய கேட் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களுக்கும் தொகை போகும், அது தவிர்க்க முடியாத செலவு. அவர்களை விலக்கினால் எரிச்சலில் கார் வாங்கிவிடுவார்கள்!

பதில் 4: பரிசு நின்றால் பழக்கமும் பெரும்பாலும் திரும்பிவிடும். கட்டணமும் அப்படித்தான்: ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நகர மையத்துக்குள் போய்வரும் வாகனங்களுக்கு 2006-இல் சோதனையாகக் கட்டணம் விதித்தபோது போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது, ஜூலை இறுதியில் நிறுத்தியதும் ஏறியது. 2007-இல் நிரந்தரமாக்கினார்கள்.